காட்டைப் பார்க்க முடிகிறது, கோப்பைப் பார்க்க முடியவில்லை

ஜனவரி 9 – வாசகர் ஒருவரின் கேள்வி

செயற்கைக்கோள் படங்கள் இப்போது இலவசம். உலகத்தின் எந்த மூலையில் மரம் குறைந்தாலும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துவிடலாம். அப்படியிருக்க, வனத்துறைகளிடம் மனுப் போட்டு மேலாண்மைத் திட்டம் கொடு, வெட்டு அனுமதியைக் காட்டு என்று இன்னும் அலைவது எதற்கு? தேவையில்லாத வேலை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஜனவரி 9, இரவு

படம் இலவசம் என்பது உண்மை. அதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972 முதல் பூமியைப் படமெடுத்து வருகின்றன. நெடுங்காலம் அந்தப் படங்களைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. 2008இல் மொத்தச் சேமிப்பையும் திறந்துவிட்டார்கள். அதை வைத்து 2013இல் மேரிலாந்து பல்கலைக்கழகக் குழு ஒன்று, உலகம் முழுவதும் மரப்பரப்பு எங்கே போனது, எங்கே வந்தது என்று 30 மீட்டர் நுணுக்கத்தில் வரைபடம் வெளியிட்டது. அடுத்த ஆண்டே, யாரும் திறந்து பார்க்கக்கூடிய குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச் இணையதளம் வந்தது. 2015 முதல் ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் 10 மீட்டர் நுணுக்கத்தில் கிடைக்கின்றன.

ஆனால் அந்தப் படம் சொல்வது ஒன்றே ஒன்று: இங்கே மரம் இருந்தது, இப்போது இல்லை. திட்டத்தில் எழுதி, அளந்து, அனுமதி வாங்கி வெட்டினார்களா, இரவில் வந்து திருடினார்களா, காற்று சாய்த்ததா, பூச்சி தின்றதா, தோட்டமாக வளர்த்த மரத்தை அறுவடை செய்தார்களா? வடிவத்தையும் நிறத்தையும் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம். யார் முடிவு செய்தார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்பது வானத்திலிருந்து தெரியாது. அது கோப்பில்தான் இருக்கிறது.

ஜனவரி 10

ஒன்று விட்டுப்போயிற்று. மரப்பரப்பும் காடும் ஒன்றல்ல. இந்திய வன ஆய்வு நிறுவனம் 1987 முதல் ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அறிக்கை வெளியிடுகிறது. அதில் ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் மரத்தலைகள் மூடும் பரப்பு 10 சதவீதத்தைத் தாண்டினால் போதும், அது வனப்பரப்புக் கணக்கில் சேரும். நிலம் யாருடையது, என்ன மரம் என்பதைப் பார்ப்பதில்லை. பழத்தோட்டமும் அதில் வரும், மூங்கிலும் வரும். இதை அவர்கள் மறைக்கவில்லை, அறிக்கையிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆனால் செய்தியில் வருவது மொத்த எண் மட்டும். இயற்கைக் காடு ஒரு பக்கம் குறைந்து தோட்டம் இன்னொரு பக்கம் கூடினால் எண் அப்படியே நிற்கும். வனப்பரப்பு கூடியது என்று சொல்லிவிட்டு எல்லோரும் எழுந்து போய்விடலாம்.

எந்தத் துண்டு நிலம் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்ற விவரம் பொதுவில் இருந்தால்தான் அந்த எண்ணைப் பிரித்துப் பார்க்க முடியும்.

ஜனவரி 14

மேலாண்மைத் திட்டத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். சரி, விரிவாகவே எழுதுகிறேன்.

காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்திருப்பார்கள். அந்தந்தத் துண்டில் என்னென்ன மரம், எவ்வளவு பருமன், மொத்தம் எத்தனை கன மீட்டர், ஆண்டுக்கு எவ்வளவு வளர்கிறது என்று மாதிரி நிலங்களில் அளந்து கணக்கிட்டிருப்பார்கள். அந்த வளர்ச்சியிலிருந்துதான் ஆண்டுக்கு எவ்வளவு வெட்டலாம் என்ற அளவு வருகிறது. அப்புறம் எந்த ஆண்டு எந்தத் துண்டு, ஓடைக்கரையில் எத்தனை மீட்டர் தொடாமல் விட வேண்டும், எந்த மரங்களை விதைக்காக நிறுத்த வேண்டும், தீத்தடுப்புக் கோடு எங்கே, பாதை எங்கே, மேய்ச்சலும் விறகும் யாருக்கு உரிமை என்பதெல்லாம். பெரும்பாலும் பத்து ஆண்டுக்கோ அதற்கு மேலோ ஒரு திட்டம்.

நான் முதன்முதலாக ஒன்றை முழுதாகப் படிக்க உட்கார்ந்தபோது பாதி புரியவில்லை. எங்கே பார்த்தாலும் அட்டவணை. ஆனால் முந்தைய திட்டம் என்ன ஆயிற்று என்று பரிசீலிக்கும் அத்தியாயம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். நட்ட கன்றுகளில் பெரும்பகுதி ஏன் பிழைக்கவில்லை, திட்டத்தில் இல்லாத ஆண்டில் ஒரு துண்டை ஏன் வெட்ட நேர்ந்தது, தீக் காவலுக்கு ஒதுக்கிய பணம் ஏன் வரவில்லை. எல்லாவற்றையும் அந்தத் திட்டத்தை எழுதிய அதிகாரி ஒளிக்காமல் எழுதியிருந்தார். துறை தன்னைப் பற்றித் தானே எழுதிய உண்மை அது. வெளியில் இருந்து எந்தப் பத்திரிகையாளரும் அவ்வளவு துல்லியமாக எழுத முடியாது. அதைத் துறைக்கு வெளியே படித்தவர்கள் அநேகமாக யாரும் இல்லை. அன்றிலிருந்து எனக்கு இந்த விஷயத்தில் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது.

கோப்பு கேட்பவரைப் பார்த்தாலே குற்றம் கண்டுபிடிக்க வந்தவர் என்று நினைக்கிறார்கள். நான் படித்தவரையில் கோப்புகளில் பாதி, காட்டைக் காப்பாற்ற உள்ளேயிருந்து போராடியவர்களின் எழுத்து.

ஜனவரி 15

தனியார் காட்டைப் பற்றிக் கேட்க நமக்கு என்ன உரிமை என்று ஒருவர். முதலில் அளவைப் பார்ப்போம். ஐநா உணவு வேளாண்மை அமைப்பின் 2020 கணக்குப்படி உலகக் காடுகள் 406 கோடி ஹெக்டேர். அதில் 73 சதவீதம் பொது உடைமை. ஆக, பெரும்பாலான இடங்களில் நாம் கேட்பது நம் சொந்தச் சொத்தின் கணக்கை. அதே கணக்கில், நீண்டகால மேலாண்மைத் திட்டத்துக்குள் இருப்பது ஏறக்குறைய 205 கோடி ஹெக்டேர். திட்டம் இல்லாத இடங்களில் கேட்க வேண்டிய முதல் கேள்வியே, ஏன் இல்லை என்பதுதான்.

தனியார் காட்டுக்கு வேறு நியாயம் உண்டு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

ஜனவரி 22

"எல்லாவற்றையும் வெளியிட்டால் திருடனுக்கு வரைபடம் கொடுத்தது போல ஆகாதா?"

இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். பதில்: சிலவற்றை மறைத்துத்தான் ஆக வேண்டும். ஆஸ்திரேலியாவில் 1994இல் வொலமை பைன் என்ற மரவகையைக் கண்டுபிடித்தார்கள். அதுவரை புதைபடிவங்களில் மட்டும் தெரிந்த குடும்பக் கிளை. காட்டில் நிற்கும் மரங்கள் மிகச் சில. இடத்தை ரகசியமாகவே வைத்தார்கள். அப்படியும் யாரோ போயிருக்கிறார்கள், வேரை அழுக வைக்கும் பைட்டோப்தரா நோய் 2005இல் அங்கே தென்பட்டது. காலணியில் ஒட்டிய மண் போதும், நோய் போய்ச் சேர்ந்துவிடும். கலிபோர்னியாவில் உலகிலேயே உயரமான மரமான ஹைப்பீரியன் 2006இல் அடையாளம் காணப்பட்டது. 115 மீட்டருக்கு மேல் உயரம். இடம் கசிந்து, பார்க்கப் போனவர்கள் அடிமண்ணை மிதித்து இறுக்கிவிட்டார்கள். 2022இல் பூங்கா நிர்வாகம் அந்தப் பகுதியையே மூடியது.

ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் நடப்பில் உள்ள, சுற்றுச்சூழல் தகவலைப் பெறும் உரிமை பற்றிய ஆர்ஹஸ் உடன்படிக்கை 1998இல் கையெழுத்தானது. அதிலேயே இதற்கு இடம் வைத்திருக்கிறார்கள்: அரிய உயிரினங்கள் இனப்பெருக்கம் செய்யும் இடம் போன்ற தகவலை மறுக்கலாம். ஆனால் அப்படி மறுக்கும் காரணங்களைக் குறுக்கிப் பொருள்கொள்ள வேண்டும், பொதுநலனையும் எடைபோட வேண்டும், மறைக்க வேண்டியதைப் பிரித்தெடுத்து மீதியைக் கொடுக்க வேண்டும். எனக்கு இந்தக் கடைசி விதிதான் முக்கியம். ஒரு கூட்டின் இடத்தை மறைக்க ஒரு வரியை அடித்தால் போதும். நானூறு பக்கத்தையும் பூட்டத் தேவையில்லை.

ஜனவரி 23

வணிக ரகசியம் என்ற காரணம் வேறு மாதிரி. அது என்னைச் சோர்வடைய வைக்கிறது.

ஒரு அலுவலகத்தில் குத்தகைக் காட்டின் வெட்டுத் திட்டத்தைக் கேட்டேன். நிறுவனத்தின் வணிக நலன் பாதிக்கும் என்று பதில் வந்தது. மேல்முறையீடு செய்தேன். கடைசியில் திட்டம் வந்தது, வரைபடங்கள் மட்டும் இல்லை. "இணைப்பு 4ஐப் பார்க்க" என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருந்தது, அந்த இணைப்பு உறையில் இல்லை. மறுபடி எழுதினேன். இந்த முறை வந்தது நகலின் நகலை எடுத்த ஸ்கேன். எல்லைக்கோடும் ஓடையும் ஒரே கறுப்புக் கோடாகத் தெரிந்தன. தகவல் கொடுத்தாயிற்று என்று அவர்கள் பதிவேட்டில் எழுதியிருப்பார்கள்.

மரத்தை என்ன விலைக்கு விற்கிறார்கள் என்பது ரகசியமாக இருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். எந்த எல்லைக்குள் எவ்வளவு வெட்ட அனுமதி என்பது எப்படி ரகசியமாகும்? அது அரசு தந்த அனுமதி. காட்டைப் பொறுப்பாகப் பராமரிப்பதற்கான எஃப்எஸ்சி சான்றிதழ் வாங்கும் நிறுவனங்களைப் பாருங்கள். அவர்களின் தணிக்கை அறிக்கைச் சுருக்கத்தைச் சான்றிதழ் தரும் அமைப்பு பொதுவில் வெளியிட்டாக வேண்டும். அங்கே போட்டி நிறுவனங்கள் படித்துவிடும் என்று யாரும் திவாலாகிவிடவில்லை.

பிப்ரவரி 2

படத்தையும் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பெரு நாட்டைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அங்கே குத்தகைக்காரர் ஆண்டுத் திட்டத்தில் வெட்டப்போகும் மரங்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிட வேண்டும், இனமும் அமைவிடமும் சேர்த்து. ஓசின்ஃபோர் என்ற மேற்பார்வை அமைப்பின் ஆய்வாளர்கள் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய் மரத்தை, அல்லது அடிக்கட்டையை, தேடுவார்கள். பல இடங்களில் மரமும் இல்லை, கட்டையும் இல்லை. அந்த இடத்தில் அப்படி ஒரு மரம் நின்றதே இல்லை. காகிதத்தில் மட்டும் நின்ற மரம். அதற்குக் கிடைத்த அனுமதியை வைத்து, வேறெங்கோ திருட்டுத்தனமாக வெட்டிய மரத்துக்குச் சட்டபூர்வமான சீட்டு வாங்கியிருக்கிறார்கள்.

செயற்கைக்கோள் இதைப் பெரும்பாலும் பிடிக்காது. அங்கே காட்டை மொத்தமாக அழிப்பதில்லை, அடர்காட்டுக்குள் ஒவ்வொரு மரமாகப் பொறுக்கி எடுக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் பச்சை அப்படியே இருக்கும்.

இக்கிடோஸ் நகரத்திலிருந்து மரம் ஏற்றிச் சென்ற யாகு கல்பா என்ற கப்பலின் சரக்கை 2015இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் தடுத்தார்கள். அந்தச் சரக்கில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் முறைகேடான இடத்திலிருந்து வந்தது என்பதை நிறுவ உதவியது இந்த ஆய்வுப் பதிவுகள்தான். எந்தத் திட்டம் சரி, எதில் சிக்கல் என்று பச்சை, சிவப்புப் பட்டியல்களையும் ஓசின்ஃபோர் வெளியிட்டது. மரம் வாங்குபவர் இனி எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

அது பலரை உறுத்தியது. 2018 டிசம்பரில் அந்த அமைப்பின் தன்னாட்சியைப் பறித்து ஓர் அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். வர்த்தக ஒப்பந்தத்தைக் காட்டி அமெரிக்கா கேள்வி எழுப்பியது, 2019இல் அந்த உத்தரவை விலக்கிக்கொண்டார்கள். ஒரு பட்டியலை வெளியிடும் அலுவலகத்துக்கு இவ்வளவு பகை வருகிறது என்றால், அந்தப் பட்டியலின் பலம் என்னவென்று புரியும்.

பிப்ரவரி 3

சின்னதாக ஒன்று. ருமேனியாவில் 2016 முதல் யார் வேண்டுமானாலும் மர லாரியின் எண்ணை அடித்து, அந்த வண்டிக்கு அந்த நேரத்தில் செல்லுபடியாகும் போக்குவரத்துச் சீட்டு இருக்கிறதா என்று பார்க்கலாம். இல்லையென்றால் அவசர எண்ணுக்குச் சொல்லலாம். பின்னால் வந்த புதிய முறையில் ஏற்றிய மரத்தின் புகைப்படத்தையும் ஓட்டுநர் பதிவேற்ற வேண்டும். ஏனென்றால் ஒரே சீட்டை வைத்துப் பல நடை ஓட்டினார்கள். தெருவோரம் நிற்கும் ஒருவருக்கு இவ்வளவு தகவல் போதும். நானூறு பக்கத் திட்டம் அவருக்கு வேண்டாம், வண்டி எண்ணும் ஒரு ஆம் அல்லது இல்லையும்தான் வேண்டும்.

பிப்ரவரி 4

நேற்றையதை மறுபடி படித்தேன். திருட்டு அங்கே நின்றுவிட்டது என்று யாராவது எடுத்துக்கொள்வார்களோ என்று கவலை. நிற்கவில்லை. புகார் சொன்னவர்களும் வனக்காவலர்களும் தாக்கப்பட்டிருக்கிறார்கள், கொல்லப்பட்டும் இருக்கிறார்கள். தகவலைத் திறந்துவிடும் அரசு, அதைப் பயன்படுத்துபவரைக் காக்கவும் வேண்டும். லத்தீன் அமெரிக்க, கரீபிய நாடுகளின் எஸ்காசு உடன்படிக்கை இந்த இரண்டையும் ஒரே ஆவணத்தில் சேர்த்தது. 2018இல் ஏற்கப்பட்டு 2021 ஏப்ரல் 22 அன்று நடைமுறைக்கு வந்தது. சுற்றுச்சூழல் காக்கும் மனிதர்களின் பாதுகாப்பைச் சட்டக் கடமையாக எழுதிய முதல் உடன்படிக்கை அது.

பிப்ரவரி 11

வழக்குப் போட்டு ஜெயித்தால் கிடைத்துவிடும் என்று எழுதிய நண்பருக்கு: இந்தோனேசியாவைப் பாருங்கள்.

அங்கே 2008லேயே தகவல் வெளிப்படைச் சட்டம் வந்துவிட்டது. ஃபாரஸ்ட் வாட்ச் இந்தோனேசியா என்ற அமைப்பு, போர்னியோ தீவின் இந்தோனேசியப் பகுதியான கலிமந்தானில் செம்பனைத் தோட்டங்களுக்குக் கொடுத்த நில உரிமை ஆவணங்களைக் கேட்டது. யாருக்கு, எவ்வளவு, எந்த எல்லை என்பதுதான் கேள்வி. தகவல் ஆணையம் கொடுக்கச் சொன்னது. நில அமைச்சகம் எதிர்த்து மேலே போனது. 2017இல் உச்ச நீதிமன்றமும் கொடுக்கத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் அமைச்சகம் கொடுக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

அந்த வரைபடம் ஏன் அவ்வளவு முக்கியம்? காட்டில் தீப்பிடித்தால் யாருடைய எல்லைக்குள் பிடித்தது என்று சொல்ல அது வேண்டும். புகை எங்கே எழுகிறது என்பதை எல்லோரும் படத்தில் பார்க்கலாம். பொறுப்பு யாருடையது என்பது எல்லைக்கோட்டில் இருக்கிறது. முதல் கேள்வி கேட்டவர் இந்த இடத்தைத் தயவுசெய்து கவனிக்க வேண்டும்.

பிப்ரவரி 12

பிரேசிலைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை, ஏனென்றால் அது படத்தின் பக்கம் பேசும் உதாரணம். அங்கே இன்பே என்ற விண்வெளி ஆய்வு நிறுவனம் 1988 முதல் அமேசான் காடழிப்பை ஆண்டுதோறும் அளக்கிறது. 2004இல் உடனுக்குடன் எச்சரிக்கும் டெட்டர் முறையும் வந்தது. 2004இல் 27,772 சதுர கிலோமீட்டராக இருந்த காடழிப்பு 2012இல் 4,571 ஆகக் குறைந்தது.

படம்தான் குறைத்ததா? படத்தோடு இன்னும் பல சேர்ந்தன. 2008இல் காடழிப்பு அதிகமான 36 நகராட்சி வட்டாரங்களின் பெயர்ப் பட்டியலை அரசே வெளியிட்டது. சட்டத்துக்கு உட்பட்டதாகக் காட்டாத பண்ணைகளுக்கு அமேசான் பகுதியில் வங்கிக் கடன் இறுக்கப்பட்டது. அழிந்த இடத்தின் படம், நிலத்தின் எல்லை, உரிமையாளர், அபராதம் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தத் தொடங்கியபோதுதான் பலன் வந்தது.

2019இல் எண் மறுபடி ஏறியது. அந்த எண் பொய் என்று அன்றைய அதிபர் சொன்னார். அதை மறுத்துப் பேசிய இன்பே இயக்குநர் ரிக்கார்டோ கல்வாவோ ஆகஸ்டில் பதவி இழந்தார். பின்னர் வந்த ஆண்டுக் கணக்கு 2008க்குப் பிறகு முதல்முறையாக 10,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. தரவு ஏற்கனவே எல்லோர் கையிலும் இருந்ததால் ஆளை மாற்றினாலும் எண்ணை மாற்ற முடியவில்லை. ஒரு தடவை திறந்த தரவை மறுபடி பூட்டுவது கடினம் என்பதில் எனக்குப் பெரிய ஆறுதல் இருக்கிறது.

மார்ச் 1

இத்தனை நாள் எழுதியதில் ஒன்று எனக்கே குறையாகப் படுகிறது. வெட்டிய பிறகு கண்டுபிடிப்பதைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறேன். நூறு ஆண்டு நின்ற மரத்தை வெட்டிய பிறகு கோப்பு கிடைத்து என்ன செய்வது? வெட்டுவதற்கு முன் தெரிய வேண்டும்.

ஸ்வீடனில் அரை ஹெக்டேரோ அதற்கு மேலோ முழுவெட்டுச் செய்ய வேண்டுமானால் உரிமையாளர் வனத்துறைக்குக் குறைந்தது ஆறு வாரம் முன்னதாக அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்புகளைப் பொது வரைபடத்தில் யாரும் பார்க்கலாம். அந்த ஆறு வாரத்தில் இயற்கை ஆர்வலர்கள் நேரில் போய் அரிய பாசியோ பூஞ்சையோ இருக்கிறதா என்று தேடுகிறார்கள். இங்கிலாந்தில் வெட்டு உரிம விண்ணப்பங்கள் பொதுப் பதிவேட்டில் 28 நாள் கருத்துக்கு வைக்கப்படுகின்றன. அமெரிக்காவின் தேசிய வனங்களுக்கு 1976 சட்டப்படி திட்டம் உண்டு, 15 ஆண்டுக்கு ஒருமுறையாவது திருத்த வேண்டும், தயாரிக்கும்போதே மக்கள் பங்கேற்க வேண்டும். நடைமுறையில் தாமதம் ஏராளம் என்றாலும் வரைவு நிலையிலேயே படிக்கலாம் என்பது பெரிய வேறுபாடு.

மார்ச் 3

இப்போது தனியார் காடு. ஸ்வீடனில் காட்டின் ஏறக்குறைய பாதியும் ஃபின்லாந்தில் பாதிக்கு மேலும் சாதாரணக் குடும்பங்களிடம் இருக்கிறது. ஃபின்லாந்து 2018இல் தனியார் காடுகளின் மர விவரத்தையே திறந்த தரவாக வெளியிட்டது. 16 மீட்டர் கட்டங்களாக, எந்த மரம், எவ்வளவு கனஅளவு என்ற கணக்கு. லேசர் கொண்டு வானிலிருந்து அளந்தது, பொதுப் பணத்தில் திரட்டியது. ஆனால் உரிமையாளர் பெயர் அதில் இல்லை.

சிலர் இதை எதிர்த்தார்கள். என் தோப்பில் எவ்வளவு மரம் நிற்கிறது என்று ஊருக்கு ஏன் தெரிய வேண்டும் என்று கேட்டார்கள். அந்தச் சங்கடம் எனக்குப் புரிகிறது. கையகலக் காடு வைத்திருக்கும் ஒரு முதியவரையும் நாட்டின் பெரும்பகுதியைக் குத்தகைக்கு எடுத்த நிறுவனத்தையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. காட்டின் நிலை திறந்திருக்கட்டும், ஆளின் பெயர் மூடியிருக்கட்டும் என்ற ஃபின்லாந்தின் ஏற்பாடு எனக்குச் சரியாகப் படுகிறது. பொதுக் காட்டில் குத்தகை எடுத்தவருக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது.

மார்ச் 20

சட்டம் நன்றாக இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் லைபீரியாவைப் படிக்க வேண்டும். உள்நாட்டுப் போருக்கு மரப் பணம் தீனி போட்ட நாடு. போருக்குப் பின் 2006இல் புதிய வனச் சட்டம், அதில் தகவல் வெளியிட வேண்டும் என்ற விதி. சுரங்க, எண்ணெய் வருவாயை வெளிப்படையாக்கும் உலகத் திட்டத்தில் காட்டு வருவாயையும் சேர்த்த முதல் நாடும் அதுதான். அப்படியும் 2012 வாக்கில் ஒரு ஓட்டை வழியாக எல்லாம் போனது. தனியார் நிலத்துக்கென்று இருந்த ஒரு வகை அனுமதியைப் பயன்படுத்தி, நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கை அளந்து கொடுத்துவிட்டார்கள். அந்த நிலத்தில் வாழ்ந்த மக்களில் பலருக்குத் தங்கள் பெயரில் ஓர் அனுமதி இருப்பதே தெரியாது.

இதைப் படித்த பிறகு நான் முன்பு ஃபின்லாந்தைப் பற்றி எழுதியது கொஞ்சம் சொகுசாகத் தெரிகிறது. வலைத்தளத்தில் வரைபடம் ஏற்றுவது, கணினியும் இணையமும் உள்ளவருக்கு. காட்டுக்குள் வாழ்பவருக்கு அவர் மொழியில், அவர் கூடும் இடத்தில், வாய்விட்டுப் படித்துச் சொன்னால்தான் தகவல். மரத்தில் அடையாளம் போட வருகிறவர்களை முதலில் பார்ப்பவர் அவர்தான். எந்தச் செயற்கைக்கோளும் அவருக்குப் பின்னால்தான்.

ஏப்ரல் 6

வனப்பணியில் இருந்த ஒருவர் எனக்குத் தனியாக எழுதினார். திட்டம் பொதுவில் இருந்திருந்தால் தனக்கு வேலை எளிதாக இருந்திருக்கும் என்கிறார். மேலேயிருந்து யாராவது தொலைபேசியில் இந்தத் துண்டை விட்டுக்கொடு என்று சொன்னால், திட்டம் எல்லோர் கையிலும் இருக்கிறது, முடியாது என்று சொல்லியிருக்கலாமாம். பூட்டிய கோப்பு அவரைக் காப்பாற்றவில்லை, தனியாக நிற்க வைத்தது. கீழ்நிலை ஊழியர்கள் இந்தக் கோணத்தில் யோசிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஏப்ரல் 7

இந்தியாவைப் பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயம் சொன்னது. அகராதிப் பொருளில் காடாக உள்ள எதுவும் காடுதான், உடைமை யாருடையதானாலும். மத்திய அரசு ஒப்புதல் தந்த செயல்திட்டம் (மேலாண்மைத் திட்டத்துக்கு இங்கே இதுதான் பெயர்) இல்லாமல் காட்டில் மரம் வெட்டக் கூடாது. அப்படியானால் மரம் வெட்டும் ஒவ்வொரு வனக் கோட்டத்துக்கும் ஒரு செயல்திட்டம் இருந்தாக வேண்டும். 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு, யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டியவற்றைச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் செயல்திட்டம் மனுப் போட்டுப் பெற வேண்டிய பொருளே அல்ல.

அதே 1996 தீர்ப்பு, மாநிலங்கள் நிபுணர் குழு அமைத்துக் காடுகளைப் பட்டியலிடச் சொன்னது. அந்த அறிக்கைகளை ஒரே இடத்தில் பொதுவில் வையுங்கள் என்று நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் உத்தரவிட்ட பிறகுதான் அவை வலைத்தளத்துக்கு வந்தன. இடைப்பட்ட காலத்தை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். எந்த நிலம் பட்டியலில் இருந்தது என்று தெரியாமலேயே எத்தனை நிலம் கைமாறியிருக்கும்.

மே 2

முதல்முறை கேட்பவர் எதைக் கேட்க வேண்டும் என்று நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். என் அனுபவத்தில், "காட்டு மேலாண்மை பற்றிய எல்லாத் தகவலும்" என்று கேட்டால் ஒன்றும் வராது. ஒரே ஒரு காட்டுத் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள், நீங்கள் நடந்து பார்த்த துண்டாக இருந்தால் நல்லது. அதன் எண்ணைக் குறிப்பிட்டு, நடப்பில் உள்ள திட்டத்தில் அந்தத் துண்டுக்கான பக்கங்கள், அதற்கு வழங்கிய வெட்டு அனுமதி, வெட்டியதன் அளவுப் பதிவு, கடைசி ஆய்வு அறிக்கை, இவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். முந்தைய திட்டத்தின் பரிசீலனை அத்தியாயத்தையும் மறக்காமல் சேருங்கள். படிக்க வேண்டியதில் பாதி அங்கேதான் இருக்கும்.

வரைபடத்தைத் தனியாக ஒரு வரியில் கேளுங்கள், கணினியில் திறந்து படத்தின் மேல் பொருத்தக்கூடிய கோப்பாக வேண்டும் என்று எழுதுங்கள். அப்படிப்பட்ட கோப்பாகவே (ஷேப்ஃபைல் என்பார்கள்) வைத்திருக்கும் அலுவலகங்கள்கூட அச்செடுத்து ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக அனுப்பும். அது வந்தால் திருப்பி எழுதுங்கள். எல்லைப் புள்ளிகளின் அமைவிட எண்கள் மட்டும் கிடைத்தாலும் போதும், நாமே வரைந்துகொள்ளலாம்.

பதில் வர வேண்டிய கெடு நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் 30 நாள், பிரேசிலில் 20 நாள், அமெரிக்காவில் 20 வேலை நாள், ஆர்ஹஸ் நாடுகளில் ஒரு மாதம். நீட்டிக்க வழியுண்டு, ஆனால் பல இடங்களில் காரணத்தை எழுதித்தான் நீட்டிக்க வேண்டும். மறுத்தால் எந்தப் பிரிவின் கீழ் மறுக்கிறார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழியாக வந்த மறுப்பை மேல்முறையீட்டில் நிரூபிப்பது கடினம்.

மே 3

பதில் வந்த உறையை எறிய வேண்டாம் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மேல்முறையீட்டுக்கான நாள் பெரும்பாலும் பதில் கையில் கிடைத்ததிலிருந்து ஓடும், கடிதத்தில் போட்ட தேதிக்கும் உறையின் முத்திரைத் தேதிக்கும் சில சமயம் பல நாள் வித்தியாசம் இருக்கும்.